தூக்க மெஷினுக்கு ஒரு பொட்டு

போன வருஷம் ஆடி மாதம் ஆரம்பித்து ஆயுத பூஜையில் முடிந்த விஷயம் இது. பாதி நடந்தது நாங்கள் குடியிருக்கும் தண்டையார்பேட்டையில். மீதி நடந்தது நகரத்தின் தெற்குக் கோடியில், முழுக்கக் கண்ணாடி பதித்து நிற்கிற ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில். எழுத உட்கார்ந்தாலே எனக்குக் கோபம் வருகிறது. அங்கங்கே சூடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் ட்ரெய்லர் ஓட்டுகிறார். மணலிப் பக்கத்துக் கிடங்குகளில் கன்டெய்னரை ஏற்றி, துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்குகிற வேலை. நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். அவர் தொழிலில் வண்டி ஓட்டுகிற நேரத்தைவிட வரிசையில் நிற்கிற நேரம்தான் அதிகம். துறைமுக கேட்டுக்கு வெளியே வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். எப்போது நகரும் என்று எந்தச் சாமிக்கும் தெரியாது. மணிக்கணக்கில் அசையாது, திடீரென்று ஒரு வண்டி நீளத்துக்கு நகரும். அதனால் ஓட்டுநர்கள் ஸ்டியரிங்கிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவார்கள். முன்னால் இடம் விழுந்ததும் பின் வண்டிக்காரர் இறங்கி வந்து, கதவில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். பட், பட். உடனே எழுந்து வண்டியை நகர்த்தியாக வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் காத்திருக்கிறவன் மூக்கை நுழைத்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வான். ஹாரன் அடித்து எழுப்பினால் சண்டை வரும் என்பதால், தட்டி எழுப்புவது அவர்களுக்குள் ஒரு மரியாதை.

அந்த மரியாதைதான் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்து புகுந்துகொண்டது. அவர் ராத்திரி டியூட்டி முடிந்து வந்து பகலில் பாயில் படுத்திருப்பார். கேஸ் சிலிண்டர்காரர் வந்து கதவைத் தட்டினால் போதும், மனுஷன் விருட்டென்று எழுந்து உட்காருவார். கண் திறந்திருக்காது. இடது கால் கிளட்சை மிதிக்கிற மாதிரி தரையை மிதிக்கும், வலது கை சாவியைத் தேடும். “இன்னாப்பா, கேட்டத் தொறந்துட்டாங்களா?” என்று என் மகள் கிண்டல் செய்வாள். நாங்களும் சிரிப்போம். அவரும் சிரித்துவிட்டு மறுபடி படுப்பார். இத்தனைக்கும் என் தையல் மெஷின் அவர் காதுக்குப் பக்கத்தில் கடகடவென்று ஓடினாலும் அசைய மாட்டார்.

சிரிப்பெல்லாம் கொஞ்ச நாளில் போய்விட்டது. யாரும் கதவைத் தட்டாதபோதே எழுந்து உட்கார ஆரம்பித்தார். கண் எப்போதும் சிவந்தே இருந்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தவர், சோற்றில் கையை வைத்தபடி என்னிடம் சொன்னார்.

“இன்னாமே, வண்டி ஓட்டிகினு இருக்கசொல்லோ நடுவுல கொஞ்ச தூரம் எப்டி வந்தேன்னே தெர்ல. பயமா கீது.”

பயம் என்ற வார்த்தையை அந்த மனுஷன் வாயிலிருந்து நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அவ்வளவு பெரிய வண்டி, அந்த ரோட்டில் எத்தனை பேர் போகிறார்கள், ஒரு நொடி கண் அசந்தால் என்ன ஆகும் என்று அன்றிலிருந்து எனக்கும் தூக்கம் போனது.

அந்தச் சமயத்தில்தான் வண்டிகள் நிறுத்துகிற யார்டுக்கு ஒரு முகாம் ஆள் வந்தார். கண் பரிசோதனை முகாமுக்கு வருவார்களே, அதே மாதிரி மேஜை, பேனர், பிஸ்கட். தூக்கம் வராத ஓட்டுநர்களுக்கு இலவச வைத்தியம் என்றார். காதுக்குக் கேட்காத ஒரு சத்தம் இருக்கிறதாம். கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுப்பார்களே, அந்த ஜாதிச் சத்தம். தூங்கும்போது அதை மண்டை வழியாக மூளைக்குள் அனுப்பினால், தூக்கம் ஆழமாகப் போகுமாம். வேனில் கூட்டிப்போய், தூங்க வைத்து, வேனிலேயே கொண்டுவந்து விடுவார்களாம்.

இவர் வீட்டுக்கு வந்து சொன்னதும் நான் கேலிதான் செய்தேன். “வயித்துல கீற கொயந்தையப் பாக்கற மெஷின மண்டையில வெச்சா இன்னாய்யா தெரியும்? உள்ள ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுடப் போவுது.”

“நீ சும்மா இரு. வைத்தியம்னு சொல்றாங்கோ. போய்த்தான் பாக்கறனே” என்றார்.

போனார். ராத்திரி டியூட்டி முடிகிற நாட்களில் காலையிலேயே வேன் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகும். சாயங்காலம் திரும்புவார். நெற்றிப் பொட்டு இரண்டு பக்கமும் ஏதோ பசை தடவி, முடியெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். நான்தான் சீயக்காய் தேய்த்துக் கழுவிவிடுவேன். ஆனால் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணமான புதிதில் இருந்த முகம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஒரு தனி அறை, இருட்டாக இருக்கிறது, ஏசி ஓடுகிறது, தலையில் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டுகிறார்கள், அடுத்து எழுந்திருக்கும்போது சாயங்காலம் ஆகிவிடுகிறது என்பார். “மண்டைக்குள்ள கொய்ய்னு ஒண்ணு ஓட்ற மாறியே கீதுமே” என்பார். நானும் நம்பினேன். பக்கத்துத் தெருப் பெண்களிடமெல்லாம் மெஷினைப் பற்றிப் பெருமை பீற்றிக்கொண்டேன்.

முதலாளி காதுக்கும் விஷயம் போனது. “அதான் மண்டையில மெஷின் வெச்சு சரி பண்ட்டாங்களே, இன்னொரு ட்ரிப் அடி” என்று, வேன் வராத நாட்களில் ராத்திரி ட்ரிப்போடு மறுநாள் பகல் ட்ரிப்பையும் சேர்த்து இவர் தலையில் கட்டினார். இவரும் சரியென்றார். தூக்க வியாதி தீர்ந்துவிட்டது என்று மனதார நம்பியதால்தான் சரியென்றார். இதை நீங்கள் மறக்கக் கூடாது. அந்த மெஷினின் பேரைச் சொல்லித்தான் அவர் தூக்கத்தையே பிடுங்கினார்கள்.

ஆயுத பூஜைக்குச் சில நாட்களுக்கு முன்னால், ஒரு மத்தியான நேரம், அவர் வீட்டுக்குள் வந்தபோது சட்டையெல்லாம் மீன் செதில். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்த பிறகுதான் சொன்னார். ராத்திரி ட்ரிப் முடித்து, வரிசையில் நின்று, மறுபடி பகல் ட்ரிப் ஏற்றிக்கொண்டு கடலோரமாகப் போகிற எண்ணூர் ரோட்டில் வந்திருக்கிறார். கண் அசந்துவிட்டது. வண்டி ரோட்டை விட்டு இறங்கி, கடலுக்குத் தடுப்பாகக் கொட்டியிருக்கிற கருங்கல்லில் மோதிய சத்தத்தில்தான் விழித்திருக்கிறார். அந்த இடத்தில் ஓர் அம்மா கூடையில் மீன் வைத்து விற்றுக்கொண்டிருந்திருக்கிறார். வண்டி வருவதைப் பார்த்துக் கூடையைப் போட்டுவிட்டுக் குதித்ததால் தப்பித்தார். கூடை சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது.

அந்த அம்மா எழுந்து வந்து, கேபின் படியில் ஏறி, இவர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். நசுங்கிய மீனை அள்ளி இவர் மேலேயே அடித்திருக்கிறார். “உனுக்குக் கண்ணு பொடனியிலயா கீது? என்னிய நம்பி வூட்ல நாலு உசுரு கீதுடா!” என்று கத்தியிருக்கிறார். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள்தான் சமாதானம் பேசி அனுப்பி வைத்தார்களாம். இவர் அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார்.

எனக்கு அந்த மெஷின் மேல்தான் முதல் சந்தேகம் வந்தது. அவருக்கோ தன் மேல்தான் வந்தது. “மெஷின் மேல தப்பு இல்லமே. அவங்க நல்லாத்தான் பண்றாங்கோ. என் ஒடம்புதான் கேக்க மாட்டுது” என்றார். ராத்திரியும் பகலும் வண்டி ஓட்டிய மனுஷன், உடம்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். அப்புறம் இன்னொன்று சொன்னார். ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைக்கிறோம், உன் தையல் மெஷினுக்குப் பொட்டு வைக்கிறோம், நமக்காக உழைக்கிற அந்தத் தூக்க மெஷினுக்கு ஒரு பொட்டு வைக்க வேண்டாமா என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்களுக்குச் சோறு போடுகிற எந்தச் சாமானையும் அன்றைக்கு வெறும் நெற்றியோடு விட்டதில்லை.

பூஜையன்று காலையில் யார்டில் ட்ரெய்லரைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து முடித்தோம். வேன் வந்தது. நானும் ஏறிக்கொண்டேன். கையில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ, பொரிகடலைப் பொட்டலம்.

அந்தக் கண்ணாடிக் கூடத்தில் அவருக்குத் தொப்பி மாட்டிவிடுகிற பெண் இருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். இவரைப் பார்த்ததும் “வாங்கண்ணா” என்று சிரித்தாள். இவர் விஷயத்தைச் சொல்லி, சந்தனக் கிண்ணத்தைத் திறந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த மெஷினுக்குக் கிட்டே போனார். விரலில் சந்தனத்தைத் தொட்டுவிட்டார். அந்தப் பெண்ணின் முகம் மாறியது. “அண்ணா, வேணாம்ணா” என்றாள்.

கறை படும் என்று சொல்கிறாள் போலிருக்கிறது என நினைத்து, “துணியால தொடச்சுடலாம்மா” என்றேன்.

“அதுக்கில்லக்கா” என்றாள். கண்ணில் நீர் தளும்பிவிட்டது. “இந்த மெஷின உங்களுக்கு ஆன் பண்றதே இல்லண்ணா. ஒரு நாள்கூட ஆன் பண்ணினதில்ல. இதுக்குப் போய்ப் பொட்டு வைக்காதீங்கண்ணா.”

எனக்குப் புரியவே இல்லை. அவளே மெதுவாக விளக்கினாள். ஆராய்ச்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நிஜமாகவே அந்தச் சத்தத்தை அனுப்புவார்களாம். மீதிப் பேருக்குத் தொப்பியை மாட்டி, பசையைத் தடவி, அனுப்புகிற மாதிரி பாவனை மட்டும் செய்வார்களாம். இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மெஷின் வேலை செய்கிறதா என்று தெரியுமாம். இவர் பாவனைக் கூட்டம். தூக்கத்தை அளக்கிற வயர் மட்டும்தான் இவர் தலையில் வேலை செய்தது.

இவர் விரலில் சந்தனத்தோடு அப்படியே நின்றார். அந்த விரலை எங்கே துடைப்பது என்று தெரியாமல் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு உச்சி மயிர் நட்டுக்கொண்டது. டாக்டரைக் கூப்பிடு என்று கத்தினேன்.

டாக்டர் வந்தார். நல்ல மாதிரிதான் பேசினார். அதுதான் இன்னும் எரிச்சல். “அம்மா, இது ஆராய்ச்சி. வைத்தியம் இல்லை. ஆரம்பத்துலயே எல்லாம் படிச்சுக் காட்டி, அவரும் கையெழுத்துப் போட்டிருக்காரே” என்றார்.

“வைத்தியம்னு சொல்லித்தான சார் உங்க ஆளு யார்டுல வந்து கூப்ட்டான்? பிஸ்கட் குடுத்து கூப்ட்டானே, அப்ப ஆராய்ச்சின்னு சொன்னானா? நைட்டெல்லாம் வண்டி ஓட்டிட்டு வந்து கண்ணு சொக்கிகினு கீற மனுசங்கிட்ட மூச்சு வுடாம படிச்சுக் காட்டுனா அவுரு இன்னாத்த கேப்பாரு?”

டாக்டர் அந்தப் பெண்ணைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள். “அந்தப் பொண்ண மொறைக்காதீங்க. இங்க உண்மை பேசுனது அது ஒண்ணுதான்” என்றேன். பிறகு மீன்கார அம்மாவைப் பற்றிச் சொன்னேன். மெஷின் சரிசெய்துவிட்டது என்று நம்பி இவர் இரட்டை ட்ரிப் ஓட்டியதைச் சொன்னேன். ஓர் உயிர் நூலிழையில் தப்பியதைச் சொன்னேன். டாக்டர் வருத்தப்படுகிற முகத்தோடு கேட்டுவிட்டு ஒன்று சொன்னார் பாருங்கள், அதை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

“ஆச்சரியம் என்னன்னா, மெஷினே இல்லாம அவர் இங்க ரொம்ப நல்லாத் தூங்கியிருக்கார். எங்களுக்கு அது முக்கியமான தகவல்.”

தகவலாம்! எங்கள் வீட்டு மனுஷன் பல வருஷமாகத் தொலைத்த தூக்கம் அவருக்குத் தகவல். ஏன் நன்றாகத் தூங்கினார் என்று அவர் யோசிக்கவே இல்லை. யோசிக்க எனக்கு ஒரு நொடிதான் ஆனது. இருட்டு அறை, குளிர்ச்சி, நீட்டிப் படுக்க ஒரு கட்டில். எல்லாவற்றுக்கும் மேலே, யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். கூடத்து வாசலிலேயே அமைதி காக்கவும் என்று எழுதி மாட்டியிருந்தார்கள்.

“அப்ப அத இவுரு மொதலாளிக்குப் போன் போட்டுச் சொல்லுங்க சார். வைத்தியம் ஒண்ணும் பண்ணல, இந்தாளுக்குத் தேவ நிம்மதியான தூக்கந்தான், டபுள் ட்ரிப் குடுக்காதன்னு உங்க வாயால சொல்லுங்க. நா சொன்னா ட்ரைவர் பொண்டாட்டி ஒளறுறான்னு சொல்வாரு.”

“அது எங்க வேலை இல்லம்மா. அவர் வேலை விஷயத்துல நாங்க தலையிட முடியாது.”

மண்டைக்குள் தலையிடலாம், வேலையில் தலையிடக் கூடாதாம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நான் திட்டமிட்டு எதையும் செய்யவில்லை. கையில் இருந்த பொரிப் பொட்டலத்தைக் கட்டிலில் போட்டுவிட்டு, அந்த அறைக் கதவில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன். பட், பட்.

எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். முழு விழிப்பில், பட்டப் பகலில், சட்டையில் சந்தனக் கறையோடு நின்றிருந்தார். அவர் இடது கால் மேலே எழும்பி, பளபளவென்றிருந்த அந்தத் தரையை மிதித்தது. வலது கை இடுப்புக்கு முன்னால் நீண்டு, இல்லாத சாவியைத் திருகியது. அப்புறம்தான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. எங்கள் எல்லோரையும் பார்த்து வெட்கத்தோடு சிரித்தார்.

வீட்டில் நான் ஆயிரம் தடவை பார்த்துச் சிரித்த காரியம் அது. அன்றைக்கு அந்த அறையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். டாக்டர் அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னா சார், இதுவும் உங்குளுக்குத் தகவலா?” என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து, முதலாளியின் நம்பரைக் கேட்டார்.

போன் பேசினார். நான் சொன்னதைக் கொஞ்சம் மழுப்பி, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். முதலாளி அந்தப் பக்கம் எகிறியது எங்களுக்கே கேட்டது. அதன் பலன், இவரை ட்ரெய்லரிலிருந்து இறக்கிவிட்டார்கள். இப்போது கிடங்குக்கு உள்ளேயே வண்டிகளை இடம் மாற்றி நிறுத்துகிற பகல் வேலை. வருமானம் குறைந்துவிட்டது, அதற்காக நான் கூடுதலாகத் தைக்கிறேன். ஆனால் ராத்திரி படுத்தால் விடிகிறவரை தூங்குகிறார். அந்த மீன்கார அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தோம். அவர் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் இவரைக் கண்டால் வண்டை வண்டையாகத் திட்டிவிட்டுத்தான் மீன் போடுகிறார். அது அவருக்கு இருக்கிற நியாயம்.

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. அவள் போன் நம்பரைக்கூட நான் வாங்கி வைக்கவில்லை. எங்களுக்கு யாரோ ஒருத்தி, வேலை போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்தாள். சந்தனத்தைத் தடவிவிட்டுப் போகட்டும் என்று அவள் பேசாமல் இருந்திருந்தால், இவர் அடுத்த ட்ரிப்பையும் அந்த மெஷினை நம்பி ஓட்டியிருப்பார்.

மெஷின் மேல் எனக்குச் சண்டை இல்லை. நாளைக்கு அது நிஜமாகவே வேலை செய்து நாலு பேர் நன்றாகத் தூங்கினால் எனக்கும் சந்தோஷம்தான். பாவனைக் கூட்டமும் வேண்டும் என்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும். அதை அந்த மனுஷனுக்குப் புரிகிற மாதிரி முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம் இல்லையா? அதுதான் என் கோபம். போன மாதம் அதே முகாம் ஆள், அதே பிஸ்கட்டோடு, திருவொற்றியூர் பக்கம் வேறொரு யார்டில் மேஜை போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டு நான் நேரில் போய்ச் சத்தம் போட்டேன். மேஜையை எடுத்துக்கொண்டு போனார். வேறு எங்கேயாவது போட்டிருப்பார். துறைமுக கேட்டுக்கு வெளியே இன்றைக்கும் அதே வரிசைதான். அதே மாதிரி ஒருவர் கதவை இன்னொருவர் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் இப்போது கதவைத் தட்டுவதில்லை. கேஸ்காரர் முதல் சொந்தக்காரர் வரைக்கும் தெருவில் நின்று குரல் கொடுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். தெரியாத யாராவது எப்போதாவது தட்டிவிட்டால், வந்தது யார் என்று பார்ப்பதற்கு முன்னால் நான் அவர் காலைத்தான் பார்க்கிறேன். அது தரையை மிதிக்கிற ஒவ்வொரு தடவையும், அந்தக் கண்ணாடி மாளிகையில் வந்த கோபம் எனக்குப் புதிதாக வருகிறது.